கடைசி இடத்துக்கு முதல் ஆள்

மூவார்
4 அக்டோபர் 1936

மகாராணிப் பட்டணமாகிய மூவாரிலிருந்து, பெக்கோக் தோட்டத்துக் கணக்குக் கிராணி வீட்டு ராணியாகிய என் அக்கா செல்வராணிக்குத் தம்பி ஜெயபாலன் எழுதுவது. நான் நலம். நீயும் நலம் என்று நானே முடிவு செய்துகொள்கிறேன். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. விஷயம் அவ்வளவு சூடு.

அக்கா, உட்கார்ந்திருந்தால் எழுந்து நில். நின்றுகொண்டிருந்தால் உட்கார்.

எங்கள் விடுதியின் கிறிஸ்மஸ் பாட்டுப் பவனி இந்த வருஷம் நம் ரப்பர் தோட்டத்துக்கு வருகிறது! மூவாரிலிருந்து செகாமட் வரை லாரி, அங்கிருந்து ரயில். டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி சாயங்காலம் நம் லயத்து வரிசை வீடுகளின் வாசல்களில் பாட்டு. முன்னால் யார் வருவார்? நட்சத்திரம் தூக்குகிறவன் வருவான். நீ அந்த நட்சத்திரத்தைப் பார்த்ததில்லை. மூங்கில் சட்டம், சிவப்பும் மஞ்சளுமாகக் கண்ணாடிக் காகிதம், நடுவில் விளக்கு, கீழே நீளமாக ஒரு கம்பு. கம்பைப் பிடித்திருக்கிறவன் முகத்தில் அந்த வெளிச்சம் அப்படியே விழும். பின்னால் வருகிற மற்றவர்கள் எல்லாம் இருட்டில் கத்துகிற தவளைகள்தான்.

வழக்கமாக, இருப்பதிலேயே உயரமான பையனுக்குத்தான் அது போகும். அதனால் எனக்கு இந்த ஜென்மத்தில் கிடையாது என்று விட்டிருந்தேன். நேற்று எங்கள் விடுதித் தலைவர் மாசிலாமணி ஐயா ஜெபம் முடிந்ததும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இந்த வருஷம் நட்சத்திரம் உயரமானவனுக்கும் இல்ல, நல்லா பாடுறவனுக்கும் இல்ல. உங்கள்ல யாரு ரொம்பத் தாழ்மையா இருக்கீங்களோ அவனுக்கு. நவம்பர் கடைசி ஞாயிறு வரைக்கும் கவனிப்பேன்."

அக்கா, தாழ்மையில் என்னை மிஞ்ச மலாயாவிலேயே ஆள் கிடையாது. எல்லோரையும் மண்ணைக் கவ்வ வைத்துவிட்டுத் தாழ்மையில் முதலாவதாக வருகிறேனா இல்லையா பார்!

நம் தோட்டத்து அங்கம்மாவின் மகன் அய்யாவுவும் போட்டியில் இருக்கிறான். பாவம், அவன் வாயைத் திறக்கவே மாட்டான். வாயைத் திறக்காவிட்டால் உள்ளே தாழ்மை இருக்கிறதென்று ஐயாவுக்கு எப்படித் தெரியும்?

அம்மாவிடம் சொல்லிவிடு.

தாழ்மையுள்ள தம்பி,
ஜெயபாலன்

---

பெக்கோக்
12 அக்டோபர் 1936

தம்பி பாலா,

அம்மாவிடம் சொல்லிவிடு என்று எழுதினாயே, சொன்னேன். அதோடு என் நிம்மதி போயிற்று. அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு லயத்தில் ஒரு வீடு விடாமல் போய், "எங்க பாலன்தான் நட்சத்திரம் தூக்கிக்கிட்டு முன்னால வரான்" என்று சொல்லிவிட்டாள். பால்மரங்களுக்கு மட்டும்தான் இன்னும் சொல்லவில்லை. உனக்கு வெள்ளைச் சட்டை தைக்கத் துணி எடுத்தாகிவிட்டது. அப்பா வெளியே ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் ஆபீசில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஆகவே நீ நட்சத்திரம் இல்லாமல் வருவதாக இருந்தால் பெக்கோக்கில் இறங்காதே. அதே ரயிலில் நேராகச் சிங்கப்பூருக்குப் போய்விடு.

தாழ்மையில் முதலாவதாக வரப்போகிறாயாம். வந்தால் அதை எங்கே மாட்டிக்கொள்வாய், மூக்கிலா? எழுதும்போதே உனக்குச் சிரிப்பு வரவில்லையா?

இங்கே எனக்குச் சிரிப்பே வரவில்லை. நம் ஜெபவீட்டில் கிறிஸ்மஸ் கீர்த்தனையை எடுத்துக் கொடுத்துப் பாட உபதேசியார் ஆளைத் தேர்ந்துவிட்டார். நானில்லை. அங்கம்மா! பொழுது விடியுமுன் பால்வெட்டுக்குப் போகிற அங்கம்மா. ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு ராகம் சொல்லிக் கொடுக்கிறவள் நான். இவள் வாசிக்கக் கற்றுக்கொண்டதே ஞானஸ்நானத்துக்கு அப்புறம். போன ஞாயிறு பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பாடினாள், என் கண்ணால் பார்த்தேன். அதோடு எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் போய் உபதேசியார் மூக்குக்கு நேராக நிற்கிறாள். அப்படி ஒரு ஆசை, எல்லோரும் பார்க்க வேண்டுமென்று!

நான் பாடப்போவதில்லை என்று சொல்லிவிட்டேன். லயத்து ஜனங்கள் பாயிலிருந்து பாடட்டும். நான் ஜெபவீட்டில் நம் குடும்பத்துக்குப் போட்ட நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரி தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு நான் தைத்துத் தந்த தலையணையைப் பாழாக்காதே. உன் பெயரைச் சிவப்பு நூலில் தைத்து விரல் வீங்கியது எனக்குத்தான் தெரியும்.

செல்வராணி

---

மூவார்
1 நவம்பர் 1936

அக்கா! அக்கா! அக்கா!

இங்கே யுத்தம் நடக்கிறது. பின்வாங்குகிறவன் ஜெயிக்கிற யுத்தம்!

விருந்துக்குக் கூப்பிட்டால் கடைசி இடத்தில் போய் உட்கார வேண்டும் என்று ஆண்டவர் சொன்னதை ஐயா ஒரு நாள் பிரசங்கித்தார். மறுநாள் சாப்பாட்டு மணி அடித்தது. ஒருவனும் உள்ளே போகவில்லை. "நீங்க போங்க." "ஐயோ, நீங்க போங்க." "நான் யாரு உங்களுக்கு முன்னால போக?" வரிசை வாசலிலிருந்து பின்னாலேயே நகர்ந்து கிணற்றடி வரை போய்விட்டது. கடைசியாக நின்றவனுக்குப் பின்னால் நான் போய் நின்றேன். அவன் என்னைச் சுற்றிக்கொண்டு என் பின்னால் வந்தான். நான் அவன் பின்னால் போனேன். இப்படியே நாங்கள் இரண்டு பேரும் வாழைத் தோப்புக்குள் போய்விட்டோம். உள்ளே மீன் குழம்பு ஆறி ஆடை கட்டிவிட்டது. சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்து, "அலமாக்! ஒருத்தனுக்கும் பசிக்கலையா? நான் கொண்டுபோய் ஆத்துல கொட்டுறேன் லா" என்று கத்தினார். ஆற்றில் மீனை விடுவது நியாயந்தானே, ஆனால் குழம்போடா?

அப்புறம் சாக்கடை. விடுதிச் சாக்கடையைக் கழுவுவது முன்பெல்லாம் தண்டனை. இப்போது பாக்கியம். விளக்குமாறு ஒன்று, ஆசைப்படுகிறவர்கள் அத்தனை பேர். சபாபதி ஒரு நுனியை இழுக்க, நான் மறு நுனியை இழுக்க, "விடுடா, நான்தான் தாழ்ந்தவன்!" "நீ என்னடா தாழ்ந்தவன், நான் உன்னைவிடத் தாழ்ந்தவன்!" என்று வாக்குவாதம் முற்றி இரண்டு பேரும் சாக்கடைக்குள்ளேயே விழுந்தோம். அதற்கும் கீழே போக இடமில்லாததால் சமாதானமாகிவிட்டோம்.

சரி, உன் கதைக்கு வருகிறேன். ஒருவர் முன்னால் நிற்கிறார் என்று உனக்குக் கோபம். அதனால் நீ பாடமாட்டாய். நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் பாடுகிறவளை விட்டுவிட்டு எல்லோரும் உன்னைத்தானே பார்ப்பார்கள்? கெட்டிக்காரி! நீ என் கட்சி, அக்கா. கை கொடு.

சாக்கடையில் குளித்த சகோதரன்,
ஜெயபாலன்

---

பெக்கோக்
10 நவம்பர் 1936

ஜெயபாலனுக்கு,

நீ எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம். நான் உன் கட்சியில்லை. நான் பரிசுக்காக ஒன்றும் செய்யவில்லை. நியாயத்துக்காகச் செய்கிறேன்.

சட்டை தைத்தாகிவிட்டது. அம்மா அதை எடுத்து எடுத்துப் பார்க்கிறாள்.

செல்வராணி

---

மூவார்
29 நவம்பர் 1936

ஜெயம்! ஜெயபாலனுக்கு ஜெயம்! அப்பா சும்மாவா எனக்கு இந்தப் பெயர் வைத்தார்?

நட்சத்திரம் என்னுடையது, அக்கா. இன்று காலை ஆராதனை முடிந்து ஐயா எல்லோருக்கும் முன்னால் அறிவித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பல் தெரிந்துவிடக் கூடாதே!

எப்படி ஜெயித்தேன் என்று சொல்கிறேன். நீ யாரிடமும் சொல்லாதே. விளக்குமாறு, கடைசி இடம், கிழிந்த பாயில் படுப்பது எல்லாவற்றிலும் எல்லோரும் சமமாகிவிட்டோம். ஆகவே யோசித்தேன். தாழ்மை ரகசியமாக இருக்க வேண்டும். ஆனால் அந்த ரகசியம் ஐயாவுக்கு மட்டும் தெரிய வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் சின்னப் பையன்கள் மழையில் பந்து விளையாடிவிட்டு முழங்கால் வரை சேற்றோடு வருவார்கள். அதே நேரத்துக்குத்தான் ஐயா தாழ்வாரம் வழியாகக் குளிக்கப் போவார். நான் ஒரு பேசினில் தண்ணீரும் தோளில் துண்டுமாக உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு பையனாகக் கூப்பிட்டுக் கால் கழுவிவிட்டேன். முன்னால் ஒரு வாண்டுப் பயலைக் காவல் வைத்து, அவனுக்குக் கச்சான் கடலை வாங்கிக் கொடுத்திருந்தேன். ஐயாவின் மிதியடிச் சத்தம் கேட்டதும் அவன் இருமினான். உடனே நான் முழங்காலில் நின்று, முகத்தைத் தூணுக்குப் பின்னால் பாதி மறைத்துக்கொண்டேன். முழுக்க மறைத்தால் நான் யார் என்று அவருக்குத் தெரியாமல் போய்விடுமே!

ஐயா நின்றார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குளிக்கப் போய்விட்டார். அப்போதே தெரிந்துவிட்டது, நட்சத்திரம் விழுந்துவிட்டது என் மடியில் என்று.

கால் கழுவத் தண்ணீர் இறைத்து வாளி வாளியாகக் கொண்டுவந்து வைத்தது அய்யாவுதான். ஆனால் கிணறு கட்டடத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, ஐயா பார்க்கவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும் லா? அவனுக்கு இரண்டாம் இடம். விளக்குக்கு ஊற்ற மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் வரவேண்டும்.

அம்மாவிடம் சட்டையை நன்றாகக் கஞ்சி போடச் சொல். லயத்தில் எல்லோரையும் வாசலில் நிற்கச் சொல்!

வெற்றித் தம்பி,
ஜெயபாலன்

---

பெக்கோக்
6 டிசம்பர் 1936

அன்புள்ள பாலா,

அம்மா நீ ஜெயித்ததை மட்டும் கேட்டுவிட்டு அழுதாள், சிரித்தாள், மறுபடியும் லயத்துக்குப் புறப்பட்டாள். அதெல்லாம் இருக்கட்டும். வேறொன்று எழுத வேண்டும், எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

வியாழக்கிழமை அங்கம்மா வீட்டுக்குப் போனேன், சண்டை போடத்தான். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஊரை ஏமாற்றுகிறாயே என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவதென்று போனேன். கேட்டும் விட்டேன். அவள் கோபிக்கவில்லை. சிரித்தாள்.

"தலகீழா இருந்தா என்ன பாப்பா, நேரா இருந்தா என்ன? எனக்கு ரெண்டும் பனிதான்" என்றாள்.

அவளுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது, பாலா. இரண்டு கண்ணிலும் வெள்ளை விழுந்திருக்கிறது. கிட்டே போய்ப் பார்த்தேன். மரத்தைக் கையால் தடவிப் பார்த்துத்தான் பால் வெட்டுகிறாள். கங்காணிக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமென்று யாரிடமும் சொல்லவில்லை. பாட்டெல்லாம் மனப்பாடம். உபதேசியார் கையசைப்பது தெரிய வேண்டுமென்று முன்னால் போய் நிற்கிறாள். நான் அதை ஆசை என்று எழுதினேன்.

"வெளிச்சம் மேல பட்டா மொகம் தெரியும் பாப்பா. நெழல்ல நின்னா மனுசனா மரமான்னு எனக்குத் தெரியாது" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "பாட்டு வர்ற அன்னைக்கு எம்புள்ள கூட்டத்துல எந்தப் பக்கம் நிக்கிறான்னு எனக்கு மட்டும் கையக் காட்டிச் சொல்றீங்களா? மொகம் தெரியாட்டி பரவால்ல. அந்தப் பக்கமாத் திரும்பி நின்னுக்குறேன். போன வருசம் பாத்ததுதான். இனிமே எப்ப பாப்பேனோ."

அய்யாவுவிடம் இதைச் சொல்லிவிடாதே, பாலா. அவளிடம் சத்தியம் பண்ணியிருக்கிறேன். தெரிந்தால் அவன் படிப்பை விட்டுவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பதிலாக மரத்தடியில் வந்து நிற்பான் என்று பயப்படுகிறாள். நிற்பான், எனக்கும் தெரியும்.

உன் சந்தோஷத்தில் மண் போட இதை எழுதவில்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மூச்சு முட்டுகிறது. உன்னைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்?

அக்கா

---

மூவார்
10 டிசம்பர் 1936

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது.

நீ கேட்டபடி அய்யாவுவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சும்மா விளையாட்டுப் போல, "நட்சத்திரம் கனமா இருக்குடா, நீ தூக்குறியா?" என்று மட்டும் கேட்டுப் பார்த்தேன். "ஒனக்குக் கெடச்சத நான் எதுக்கு வாங்கணும்? நான் அவ்வளவு பெரிய ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டான். போட்டி முடிந்த பிறகும் தாழ்மையை விடாத ஒரே மடையன் இவன்தான். ஐயாவிடம் போய்க் கேட்டால், ஏன் எதற்கு என்பார். உண்மையைச் சொல்ல முடியாது. சொல்லாமல் விட்டுக்கொடுத்தால், "ஆகா, இதுவல்லவோ தாழ்மை" என்று இன்னொரு நட்சத்திரத்தையும் என் தலையில் கட்டிவிடுவார்.

சரி, ஒன்று கேட்கிறேன். அங்கம்மாக்கா வீட்டு வாசலில் செம்பருத்தி வேலி இருக்கிறதே, அது இன்னும் இருக்கிறதா? பவனி நிற்கும்போது நட்சத்திரத்துக்கும் அவருக்கும் நடுவில் அது மறைக்குமா? மறைத்தால் வெட்டச் சொல்.

இங்கே மழை. ஐயா புதுக் குடை வாங்கியிருக்கிறார். பெரிய கறுப்புக் குடை. நல்ல குடை.

ஜெயபாலன்

---

மூவார்
14 டிசம்பர் 1936

அக்கா,

மூவாரில் பனி பெய்தது!

நேற்று ஞாயிறு. ஆராதனை முடிந்தது. வெளியே தூறல். கோயில் வாசற்படியில் ஊர்ப் பெரியவர்கள், மூக்குத்தி போட்ட அம்மாமார்கள், வெளியூரிலிருந்து வந்த போதகர் பெரிய ஐயர். மாசிலாமணி ஐயா, "வாங்க, நனையாம போகலாம்" என்று பெரிய ஐயரின் தலைக்கு மேல் புதுக் குடையைப் படாரென்று விரித்தார். உள்ளேயிருந்து ஒரு தலையணைப் பஞ்சு அத்தனையும் புஸ்ஸென்று கொட்டியது! பெரிய ஐயரின் தாடியில் பஞ்சு. அம்மாமார்களின் தேங்காயெண்ணெய்க் கொண்டையில் பஞ்சு. ஒரு குழந்தை, "கிறிஸ்மஸ் வந்துருச்சு!" என்று கத்தியது. பெரிய ஐயர் தும்மினார், தும்மினார், தும்மிக்கொண்டே இருந்தார்.

குடை வைத்திருந்த இடத்தில் காலித் தலையணை உறை கிடந்தது. அதில் உன் சிவப்பு நூலில் என் பெயர். ஐயா அதைத் தூக்கிப் பிடித்து, "இது யாரு..." என்று ஆரம்பிக்குமுன் நான் முன்னால் வந்து, "நான்தான் ஐயா" என்றேன்.

ஐயா திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "ஒன்னப் பத்தி நான் நெனச்சது தப்பு ஜெயபாலா" என்றார். நட்சத்திரம் பறிபோயிற்று. இரண்டாவதாக வந்த அய்யாவுவுக்குக் கொடுத்துவிட்டார். அவன் வேண்டாம் என்று இழுத்தான், "இது ஒன் இஷ்டமில்ல, என் உத்தரவு" என்று ஒரே போடாகப் போட்டார். மண்ணெண்ணெய்த் தகரம் எனக்கு. பவனி முடிந்து எல்லோரும் திரும்பிக் கிறிஸ்மஸ் ஆராதனை ஆனதும் மற்றவர்கள் வீட்டுக்குப் போவார்கள். நான் மட்டும் புது வருஷம் வரை இங்கேயே இருந்து விடுதிக்கு வெள்ளையடிக்க வேண்டும்.

அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. அப்பாவிடம் அம்மா சொல்லட்டும்.

ஜெயபாலன்

---

பெக்கோக்
18 டிசம்பர் 1936

ஜெயபாலனுக்கு,

பக்குவமாகச் சொல்ல என்ன இருக்கிறது? உங்கள் ஐயாவின் கடிதம் உன் கடிதத்துக்கு முன்னாலேயே அப்பா கைக்கு வந்துவிட்டது.

அம்மா சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். தண்ணீர் எடுக்கக்கூட லயத்துப் பக்கம் போவதில்லை, யாராவது கேட்டுவிடுவார்கள் என்று. பத்து நாள் பொறுத்திருக்க முடியாதா உன்னால்? ஒரு குடையைப் பார்த்ததும் கை அரித்துவிட்டதா?

அங்கம்மா விஷயத்தை உனக்கு எழுதினேனே, என்னைச் சொல்ல வேண்டும். படித்துவிட்டு வேலியை வெட்டு, குடை நன்றாக இருக்கிறது என்று எழுதுகிறாய். உனக்கு எல்லாமே விளையாட்டு. இனி எனக்கு எழுதாதே.

செல்வராணி

---

பெக்கோக்
24 டிசம்பர் 1936

பாலா, என் தங்கமே, திருட்டுப் பயலே,

இனி எழுதாதே என்று எழுதினவளே எழுதுகிறேன். நேற்று உன்னோடு ஒரு வார்த்தை பேச முடியவில்லை. பாடி முடித்ததும் உங்களை ரயிலுக்கு விரட்டிவிட்டார்கள். அதனால் இதைக் கேள்.

நீங்கள் வளைவில் திரும்பும்போதே நான் அங்கம்மா பக்கத்தில், அவள் வீட்டு வாசலில் விரித்த பாயில் இருந்தேன். ஆமாம், பாயில்தான். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவளுக்குப் பின்பாட்டு நான். நாற்காலியிலிருந்து பாடினால் அவள் மூச்சு எடுக்கிற இடம் எனக்குக் கேட்கவில்லை, பாயில் உட்கார்ந்தால் கேட்கிறது. அவ்வளவுதான் விஷயம், நீ பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

எல்லோரும், "நச்சத்திரம்! நச்சத்திரம்!" என்று கத்தினார்கள். அங்கம்மா, "எந்தப் பக்கம் பாப்பா, எந்தப் பக்கம்?" என்று என் கையை நெரித்தாள். நான் பின்னால்தான் கையைக் காட்டப் போனேன், கோபத்தில் நட்சத்திரம் கைமாறியதே எனக்கு நினைவில் இல்லை. அப்புறம்தான் நட்சத்திரத்துக்குக் கீழே பார்த்தேன். அய்யாவு! சிவப்பும் மஞ்சளுமாக முகம் முழுக்க வெளிச்சம்.

அவளுக்கு நான் கையைக் காட்ட வேண்டியிருக்கவில்லை. அவளே எழுந்தாள். நேராக நடந்தாள். செம்பருத்தி வேலியைத்தான் வெட்டியிருந்தேனே. அவன் முகத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, பாட்டுக்கு நடுவிலே, ஊரே கேட்கும்படி கத்தினாள்: "அய்யாவு! ஒனக்கு மீச வந்துருச்சாடா!"

பாட்டு நின்றுபோனது. உங்கள் ஐயாகூடச் சிரித்தார். அய்யாவு ஒரு கையில் கம்பும் மறு கையால் மூடிய வாயுமாக நின்றான். அவள் மட்டும் சிரிக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நான் உன்னைத் தேடினேன். கூட்டத்துக்கெல்லாம் பின்னால், இருட்டில், தகரத்தைக் கட்டிக்கொண்டு நின்றாய். யாரும் உன்னைப் பார்க்கவில்லை. அம்மா வேண்டுமென்றே பார்க்கவில்லை. உன் பல் மட்டும் தெரிந்தது. அப்புறம் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தாய்.

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. துரை வீட்டு நாய்க்குத் துரையின் சட்டையையே மாட்டிவிட்டது யார் என்று இன்று வரை அப்பாவுக்குத் தெரியாது. உபதேசியார் செருப்பு கூரைமேல் ஏறியது எப்படி என்று உபதேசியாருக்கே தெரியாது. இத்தனை வருஷத்தில் நீ ஒரு தடவையாவது மாட்டியிருக்கிறாயா? அப்படிப்பட்டவன் பெயர் தைத்த உறையைக் குடைக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டுப் போவானா? அதுவும், "யாரு" என்று கேட்டு முடிக்குமுன் முன்னால் வந்து நிற்பானா?

எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அம்மாவிடம் சொல்லப் போகிறேன். சொன்னால் அம்மா இந்த நிமிஷமே சட்டையை எடுத்துக்கொண்டு லயத்துக்கு ஓடுவாள். அப்பா உங்கள் ஐயாவுக்கு எழுதி உன்னை வீட்டுக்கு வரவழைத்துவிடுவார். சொல்லட்டுமா? உன்னைக் கேட்காமல் சொல்ல மனசு வரவில்லை, அதனால் பொறுத்திருக்கிறேன். சீக்கிரம் எழுது, வாய் அரிக்கிறது.

அங்கம்மாவை ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். வேலைக்குப் பங்கம் வராமல் துரையிடம் பேசுகிறாராம். அவளே என்னை அப்பாவிடம் சொல்லச் சொன்னாள். அய்யாவுவிடமும் தானே சொல்வதாகச் சொல்லிவிட்டாள். மகன் முகத்தைப் பார்த்த பிறகு பயம் கொஞ்சம் போய்விட்டதாம்.

உனக்குப் புதுத் தலையணை தைத்து அனுப்புகிறேன்.

உன் அக்கா

---

மூவார்
28 டிசம்பர் 1936

துப்பறியும் ராணிக்கு,

பெரிய கண்டுபிடிப்பு! நான் மாட்டிக்கொண்டது என் கவனக்குறைவு. யானைக்கே அடி சறுக்கும்போது எனக்குச் சறுக்காதா என்று எழுத நினைத்தேன், அப்புறம் என்னை யானை என்று சொல்லிக்கொள்வதா என்று அடித்துவிட்டேன். ஆகவே அம்மாவிடம் சொல்ல ஒன்றுமில்லை. சொல்லாதே. உண்மையாகவே சொல்கிறேன் அக்கா, சொல்லாதே. சொல்லிவிட்டால் அது மறுபடியும் என் நட்சத்திரமாகிவிடும். அந்த மீசைக்காரனிடமிருந்து அதைப் பிடுங்கின மாதிரி ஆகிவிடும்.

கண்ணைத் துடைத்தேன் என்று எழுதியிருக்கிறாய். மண்ணெண்ணெய் பட்டுவிட்டது.

இங்கே வெள்ளையடிப்பு மும்முரமாக நடக்கிறது. விடுதியில் நானும், சமையல்காரரும், மாசிலாமணி ஐயாவும்தான். நேற்று ஏணியைப் பிடித்துக்கொள்ள ஆளில்லை என்று ஐயாவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து கீழே நின்று பிடித்துக்கொண்டார். மேலிருந்து ஒரு துளி சுண்ணாம்பு அவர் வழுக்கையில் விழுந்தது. இது சத்தியமாக நான் வேண்டுமென்று செய்ததில்லை. "தாழ்மைக்குப் போட்டி வச்சேன் பாரு, ஒன்னவிடப் பெரிய கோமாளி நான்தான்டா" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவருக்கு ஏதாவது தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் உன்னிடம் சொல்கிறேன். அக்டோபர் மாதம் முழுக்கக் கடைசி இடத்துக்கு அடித்துக்கொண்டேனே, அங்கே நின்றால் எப்படி இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியவே தெரியாது. தகரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றபோதுதான் பார்த்தேன். நட்சத்திரம் தூக்குகிறவனுக்கு எதிரே எல்லாம் இருட்டு, கண் கூசும். பின்னால் நிற்கிறவனுக்கு வெளிச்சம் படுகிற எல்லா முகமும் தெரிகிறது. அங்கம்மாக்கா முகம். பாயில் நீ வாயைப் பிளந்து பாடிய முகம். என்னைப் பார்க்காத அம்மா முகம்கூட. ராஜாவாகப் பிறந்திருக்கலாம், ஆண்டவர் போய் மாட்டுத் தொழுவத்தில் பிறந்தாரே, இப்படிப் பார்க்கத்தானோ என்னவோ. இதை யாரிடமும் சொல்லாதே, நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடுவார்கள். பெரிய ஐயரின் தொப்பி இன்னும் இங்கேதான் இருக்கிறது, எனக்குச் சில யோசனைகள் இருக்கின்றன.

அம்மாவிடம் சட்டையைப் பெட்டியிலேயே வைத்திருக்கச் சொல். ஜனவரியில் வந்து போட்டுக்கொண்டு, அவள் திட்டுவதையெல்லாம் நின்று கேட்கிறேன்.

தலையணை மட்டும் அனுப்பாதே. இல்லாமல் படுக்கப் பழகிவிட்டேன். தலை முன்னைவிடக் கொஞ்சம் தாழ்ந்துதான் இருக்கிறது. ஆனால் தூக்கம் நன்றாக வருகிறது.

தம்பி,
பாலன்